அரண் காத்த பள்ளிக்கூடம்

புவியியல் டீச்சர் ஆசிரியர் கூட்டத்துக்கு எட்டு நிமிடம் தாமதமாகப் போனார். அந்த எட்டு நிமிடத்துக்குள் பள்ளியில் மின்விளையாட்டு அணி ஒன்று உருவாகி, அதற்குப் பொறுப்பாசிரியரும் நியமிக்கப்பட்டு, கைதட்டலும் முடிந்திருந்தது. அவர் கதவைத் திறந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஆறு வருடத்தில் அத்தனை பேர் ஒரே சமயத்தில் அவரைப் பார்த்துச் சிரித்தது அதுவே முதல் தடவை.

"வாங்க, வாங்க. உங்களைத்தான் ஒருமனதாத் தேர்ந்தெடுத்திருக்கோம்," என்றார் முதல்வர்.

"எதுக்கு சார்?"

"எதிர்காலத்துக்கு."

எதிர்காலம் என்பது இதுதான்: பள்ளிகளுக்கிடையே இணையவழி விளையாட்டுப் போட்டி நடக்கப் போகிறது. பக்கத்துப் பள்ளிக்காரர்கள் போன வருடம் அதில் கலந்துகொண்டதில், செய்தித்தாளில் கால் பக்கத்துக்குப் படம் வந்துவிட்டது. அந்தப் படத்தை முதல்வர் வெட்டித் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். தினமும் அதன் மேல் தேநீர்க் கோப்பையை வைத்து எடுப்பார்.

புவியியல் டீச்சருக்கு விளையாட்டும் தெரியாது, கணினியும் அரைகுறை. கைபேசியில் வீட்டுக்குப் பேசுவார், வகுப்புக்காக மேகங்களைப் படம் பிடிப்பார், அவ்வளவுதான். ஆனால் ஆறு வருடமாக அவர் 'தற்காலிக' ஆசிரியை. நிரந்தரமாக்கும் கோப்பு முதல்வரின் மேசையில், அந்தப் படத்துக்கு இரண்டு சாண் தள்ளி இருந்தது. "சரிங்க சார்," என்றார்.

அணியில் சேர மூன்று பெண்கள் வந்தார்கள். இரண்டு பேர் இரட்டையர். ஆறு நிமிட வித்தியாசத்தில் பிறந்ததால் பெரியவள், சின்னவள் என்றே பள்ளி முழுக்க அவர்களுக்குப் பெயர். மூன்றாமவளுக்குக் கட்டெறும்பு என்று பட்டப்பெயர். ஆள் சிறிது, பேச்சு அதைவிடச் சிறிது. அவளுடைய அப்பா ஏதோ ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குபவர். வகுப்பில் கடைசி பெஞ்சு. எந்த ஆசிரியருக்கும் அவள் குரல் எப்படியிருக்கும் என்று நிச்சயமாகத் தெரியாது.

போட்டிக்கான விளையாட்டின் பெயர் 'விளக்கும் பாலமும்'. நடுவில் ஓர் ஆறு. இந்தக் கரையில் மூன்று பேர், அந்தக் கரையில் மூன்று பேர். கையில் விளக்கோடு ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் வைக்கவேண்டும். பாலத்தை நாம் கட்டுவோம், அவர்கள் உடைப்பார்கள். தண்ணீரில் விழுந்தால் பத்து நொடி கழித்து நம் கரையில் எழுந்து வரலாம்.

கட்டெறும்பு மூன்று நோட்டுப் புத்தகங்களை டீச்சரிடம் கொடுத்தாள். பக்கத்துக்குப் பக்கம் பாலங்கள். நீர் எங்கே வேகமாகத் திரும்பும், எங்கே மணல் சேரும், எங்கே கால் ஊன்றினால் நிற்கும் என்று அம்புக்குறி போட்டிருந்தாள். டீச்சர் ஆறு வருடமாகக் கரும்பலகையில் வரைந்து வரைந்து யார் தலையிலும் ஏறாத ஆற்று வளைவு அந்தப் பென்சில் கோட்டில் அப்படியே இருந்தது.

"இதெல்லாம் நீயா போட்டே?"

"ம்."

"எதுக்கும்மா?"

"ஜெயிக்கிற அணியைப் பத்து நாள் முகாமுக்குக் கூட்டிட்டுப் போவாங்க டீச்சர். இந்த விளையாட்டெல்லாம் செய்யறவங்களே வந்து சொல்லித் தருவாங்களாம். நான் செய்யறவளா ஆகணும்."

அவள் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அது. அன்று முதல் அவர் நிரந்தரக் கோப்பின் நினைப்பே இல்லாமல் வேலை செய்தார். தப்பு அங்கேதான் தொடங்கியது.

பள்ளியின் இணையத்தை 'அரண்' காவல் காத்தது. அரண் என்பது இரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கிய தடுப்பு மென்பொருள். அது இயங்கும் கணினி இருந்த இரும்பு அலமாரிக்கு முன்னால் நாடா கட்டி, அதை வெட்டித் திறந்துவைத்தார்கள். அதற்குப் பிறகு எதுவும் திறக்கவில்லை. வரலாற்று ஆசிரியர் போர்களைத் தேடினால் வன்முறை என்று மறித்தது. இயற்பியலில் வெப்பக் கடத்தல், கடத்தல் குற்றங்களின் பட்டியலில் சேர்ந்தது. நில அதிர்ச்சியை 'அதிர்ச்சியூட்டும் உள்ளடக்கம்' என்று தள்ளிவிட்டதால், புவியியல் டீச்சர் அந்தப் பாடத்தை மேசையைப் பிடித்து ஆட்டியே நடத்தினார். தடுக்கும்போதெல்லாம் திரையில் ஒரே வாசகம்: 'நீங்கள் கேட்ட பக்கம், உங்கள் நலன் கருதி, உங்களிடமிருந்து காக்கப்பட்டுள்ளது.'

அரணைப் பராமரித்தவரைப் பள்ளியே பூட்டு சார் என்று அழைத்தது. அவருக்கும் அது தெரியும், விருதுபோல ஏற்றுக்கொண்டிருந்தார். டீச்சர் அவர் அறைக்குப் போனார்.

"சார், இந்த விளையாட்டைப் பசங்களுக்குத் திறந்துவிடணும்."

"விலக்குக் கேட்டுப் படிவம் போடுங்க. பள்ளி இணையதளத்துலயே இருக்கு."

"போய்ப் பாத்தேன் சார். திறக்க மாட்டேங்குது."

"திறக்காதுங்க. அதோட தலைப்புல 'விளையாட்டு'ன்னு வார்த்தை இருக்கில்ல? அரண் விடாது."

"அப்ப எப்படி நிரப்புறது?"

"அதுக்குத் தனியா ஒரு விலக்குப் படிவம் இருக்கு."

"அது எங்க இருக்கு?"

பூட்டு சார் முதல் முறையாக யோசித்தார். "நல்ல கேள்வி," என்று சொல்லித் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

கடைசியில் அவர் தன் கணினியில் படிவத்தைத் திறந்து கேள்விகளை வாசிக்க, டீச்சர் காகிதத்தில் பதில் எழுதினார். அவர் கணினிக்கு மட்டும் அரண் கிடையாது. படிவத்துக்குப் பின்னால், பாதியில் நிற்கும் சீட்டாட்டம் ஒன்று திரையோரத்தில் எட்டிப் பார்த்தது. டீச்சர் பார்வை அங்கே போவதைக் கண்டு அவர் சற்றும் கலங்கவில்லை.

"ஆபத்து எப்படியிருக்கும்னு யாராவது ஒருத்தர் தெரிஞ்சு வச்சுக்கணும் இல்லீங்களா?" என்றார்.

பதினொரு நாள் கழித்து இணைய ஒழுக்கக் குழு கூடியது. தலைவர் முதல்வர். உறுப்பினர்கள் பூட்டு சாரும், பெற்றோர் பிரதிநிதியான ஒரு பல் டாக்டரும். டீச்சர் மூன்று மாணவிகளோடு போய் நின்றார்.

"முதல்ல விளையாட்டைப் பார்த்துடலாம். போட்டுக் காட்டுங்க," என்றார் முதல்வர்.

"அது தடை பண்ணியிருக்கே சார்."

"பார்க்காம நாங்க எப்படி அனுமதி தர்றது?"

"அனுமதி இல்லாம எப்படிக் காட்டறது சார்?"

பல் டாக்டர்தான் வழி சொன்னார். "நடிச்சுக் காட்டட்டுமே."

ஆக, கூட்ட அறையின் நாற்காலிகள் ஆற்றுக்கு இருபுறமும் அடுக்கப்பட்டன. நீலக் கம்பளம் ஆறாயிற்று. பெரியவளும் சின்னவளும் கரையில் நின்றார்கள். கட்டெறும்பு தண்ணீர்க் குவளையை விளக்காகப் பிடித்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறி நடந்தாள். எதிரணிக்கு ஆளில்லாததால் டீச்சரே எதிரணியாகி ஒரு நாற்காலியை இழுத்தார். கட்டெறும்பு கம்பளத்தில் விழுந்தாள்.

"செத்துட்டாளா?" என்று கேட்டார் முதல்வர்.

"இல்ல சார். பத்து செகண்ட்ல எந்திரிச்சு வருவா."

"அதெப்படி? தண்ணில விழுந்தவங்க பத்து செகண்ட்ல வந்துடுவாங்கன்னு குழந்தைங்க நம்பிட்டா? நாளைக்கு ஒரு குழந்தை நிஜ ஆத்துல குதிச்சா யார் பதில் சொல்றது?"

"வேணும்னா முப்பது செகண்டா ஆக்கிக்கலாமே," என்றார் பல் டாக்டர்.

"அந்தப் பக்கத்து ஆளுங்க யாரு?" பூட்டு சார் கேட்டார்.

"வேற பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சார்."

"அறிமுகம் இல்லாதவங்க!" அவர் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் பல் டாக்டரைப் பார்த்தார். இதெல்லாம் முடியும்வரை கட்டெறும்பு கம்பளத்திலேயே கிடந்தாள். எழச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் ஆணை வந்தது. டீச்சர் அதை மூன்று தடவை படித்தார். விளையாட அனுமதி உண்டு. மதிய இடைவேளையில் ஒன்று பத்திலிருந்து ஒன்று இருபத்தைந்து வரை. ஆசிரியர் பக்கத்தில் நிற்கவேண்டும். அடுத்த வரிதான் அவரைத் திகைக்கவைத்தது: 'மாணவியரின் பாதுகாப்பை முன்னிட்டு, இந்த இணையவழி விளையாட்டை வெளித்தொடர்பு இல்லாமல் ஆட வேண்டும்.'

ஆணையை எடுத்துக்கொண்டு பூட்டு சாரிடம் ஓடினார். "வெளித்தொடர்பு இல்லாம இணையத்துல எப்படி சார் ஆடறது?"

"எல்லாம் முடியாதுன்னு சொல்லலீங்க. அந்த விளையாட்டு வந்து போறதுக்குப் பன்னெண்டு கதவு வேணும். நான் உங்களுக்காக ஒண்ணு திறந்துவிட்டிருக்கேன்."

"ஒரு கதவு போதுமா?"

"பூஜ்யத்துக்கு அது எவ்வளவோ மேல் இல்லீங்களா?"

அந்த ஒரு கதவின் வழியாக விளையாட்டின் ஓசை மட்டும் வந்தது. மூன்று பெண்களும் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஆறு சலசலப்பதைப் பதினைந்து நிமிடம் கேட்டார்கள். டீச்சர் ஆணையின்படி பக்கத்தில் நின்றார். மறுபடி நடையாய் நடந்து கெஞ்சியதில் இன்னும் ஆறு கதவுகள் திறந்தன. இப்போது படமும் வந்தது. ஆனால் கட்டெறும்பு கால் எடுத்து வைத்தால் அந்தக் கால் நாலு நொடி கழித்தே திரையில் நகர்ந்தது. அதற்குள் பாலம் போய்விடும்.

"அது அப்படித்தாங்க," என்றார் பூட்டு சார். "இணையத்துல எல்லாமே சின்னச் சின்னப் பொட்டலமாத்தான் வரும். ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரிச்சு, உள்ள என்ன இருக்குன்னு பாத்து, திரும்பக் கட்டித்தான் அரண் விடும்."

"ஒரு கால் எடுத்து வைக்கறதுல என்ன சார் ஒளிஞ்சிருக்கும்?"

"ஒளிஞ்சிருந்தா தெரியவாங்க போகுது?"

கட்டெறும்பு மட்டும் சளைக்கவில்லை. நாலு நொடி முன்கூட்டியே யோசிக்கப் பழகினாள். எதிரி எங்கே உடைப்பான் என்று அவன் நினைப்பதற்கு முன்னால் இவள் வேறு இடத்தில் கட்டத் தொடங்கினாள். இரட்டையரும் அவள் கண்ணசைவைப் பார்த்து ஓடப் பழகினார்கள். ஒன்று இருபத்தைந்துக்குத் திரை தானாக அணையும். அப்போதும் மூன்று பேரும் நோட்டில் விரலை ஓட்டியபடி மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள். கட்டெறும்பின் குரல் கொஞ்சம் கரகரப்பானது என்று டீச்சருக்கு அப்போதுதான் தெரிந்தது.

போட்டி நாளன்று பள்ளி மண்டபத்தில் பெரிய பதாகை கட்டினார்கள். அதில் முதல்வர் படம் ஆளுயரத்துக்கும், அரணின் சின்னம் அரை ஆளுயரத்துக்கும் இருந்தன. மாணவிகளின் படத்துக்கு இடம் போதவில்லை. மேடையின் ஓரத்தில் மூன்று கணினிகள். அந்த நாளுக்கு மட்டும் எல்லாக் கதவும் திறக்கப்படும் என்று பூட்டு சார் வாக்குக் கொடுத்திருந்தார். போட்டி பத்தரைக்கு, பத்து நாற்பதுக்குள் இணையாத அணி தோற்றதாகக் கருதப்படும். முதல்வர் பத்து மணிக்குப் பேசத் தொடங்கினார்.

"இணையம் ஒரு கடல்!" என்றார். "கடலில் இறங்குவது ஆபத்து. ஆனால் கடலையே காணாமல் ஒரு தலைமுறை வளரலாமா? கூடாது. ஆகவே இந்தப் பள்ளி அந்தக் கடலை ஒரு வாளியில் அள்ளி நம் மாணவிகளுக்குத் தருகிறது. அந்த வாளிக்கும் நாம் மூடி போட்டிருக்கிறோம். மூடியின் மேல் நானே உட்கார்ந்திருக்கிறேன்!"

பலத்த கைதட்டல். மணி பத்து இருபத்தைந்து. மூன்று திரைகளிலும் 'உங்களிடமிருந்து காக்கப்பட்டுள்ளது' என்ற வாசகம் மின்னியது. டீச்சர் மேடைக்குப் பின்னால் ஓடினார். பூட்டு சார் காதுகளில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு முதல்வரின் பேச்சை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பிக்கொண்டிருந்தார்.

"சார், கதவு!"

"மெதுவாங்க. மொத்த இணைப்பும் இப்ப நேரலைக்குப் போயிட்டிருக்கு. பேச்சு முடியட்டும்."

"எத்தனை பேர் சார் பாக்கறாங்க?"

அவர் திரையை உற்றுப் பார்த்தார். "நாலு பேர். அதுல ஒண்ணு நான்."

டீச்சர் மண்டபத்தை எட்டிப் பார்த்தார். முதல்வர் வாளியிலிருந்து கிணற்றுக்கு வந்திருந்தார். கட்டெறும்பு நாற்காலி நுனியில் உட்கார்ந்து திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் டீச்சர் ஒருவேளை தட்டிக்கொடுத்துவிட்டு நின்றிருப்பார்.

"எந்திரிங்கடி," என்றார்.

பக்கவாட்டுக் கதவு வழியாக நான்கு பேரும் தெருவுக்கு ஓடினார்கள். எதிர்ப்புறம் ஜெராக்ஸ் கடை. விண்ணப்பம் நிரப்ப வருபவர்களுக்காக அங்கே மூன்று பழைய கணினிகள் இருந்தன. இணையப் பெட்டி ஒரு துடைப்பத்துக்கும் சுவருக்கும் நடுவே தொங்கியது.

"அக்கா, அவசரம். மூணும் வேணும்," என்றார் டீச்சர் மூச்சிரைக்க.

கடைக்காரம்மா ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்த ஒரு பெண் தன் படிவத்தைச் சேமித்துவிட்டு எழுந்து இடம் விட்டாள். பத்து முப்பத்தெட்டுக்கு விளையாட்டு திறந்தது. படம், ஓசை, கால், எல்லாம் ஒரே நொடியில்.

நாலு நொடி தாமதத்தில் ஆடிப் பழகியவளுக்கு, தாமதமே இல்லாத ஆறு கிடைத்தால் என்ன ஆகும்? கட்டெறும்பு எதிரணி பாலத்தை உடைக்க வருவதற்குள் மூன்றாவது பாலத்தில் இருந்தாள். "பெரியவளே, வளைவுக்கு வா! சின்னவளே, அந்தப் பாலத்தை விடு, போகட்டும்!" என்று கரகரத்த குரலில் கத்தினாள். கடைக்காரம்மா நகலெடுப்பதை நிறுத்திவிட்டு வந்து நின்றார். விண்ணப்பக்காரப் பெண் நகத்தைக் கடித்தாள். முதல் ஆட்டம் ஜெயித்தார்கள். இரண்டாவதும். கடைசி ஆட்டம் பக்கத்துப் பள்ளியோடு. அதில் விளக்கை வைத்தபோது மூன்று பெண்களும் டீச்சரும் கடைக்காரம்மாவும் போட்ட கூச்சலில் தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

அவர்கள் மண்டபத்துக்குத் திரும்பியபோது வாழ்த்துரைகள் இன்னும் முடியவில்லை; அவர்கள் போனதையே யாரும் கவனித்திருக்கவில்லை. போட்டிக்குழுவிடமிருந்து முதல்வருக்குத் தொலைபேசி வந்தது. அவர் முகம் மலர்ந்து, அங்கேயே ஒலிபெருக்கியில் அறிவித்தார். மூன்று பெண்களை முன்னால் நிறுத்திப் படமெடுத்தார்கள். கட்டெறும்பின் அப்பா வேலைச் சீருடையோடு ஓடி வந்தார். "என் பொண்ணுதாங்க," என்று கூட்டத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

சந்தோஷம் இருபது மணி நேரம் நீடித்தது.

மறுநாள் காலை பூட்டு சார் அரணின் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனார். போட்டி தினத்தன்று பள்ளியிலிருந்து அந்த விளையாட்டுக்குப் போன இணைப்புகள்: பூஜ்யம். புவியியல் டீச்சரைக் கூப்பிட்டார்கள். அவர் நடந்ததை நடந்தபடி சொன்னார்.

முதல்வர் கோபப்படவில்லை. அதுதான் டீச்சருக்குப் பயமாக இருந்தது.

"இப்படிப் பாருங்கம்மா," என்றார் அவர் மென்மையாக. "அடுத்த வாரம் அரண் நிறுவனம் நமக்குக் கேடயம் தரப்போறாங்க. ரெண்டு வருஷத்துல ஒரு மாணவி கூட வலையைத் தாண்டாத ஒரே வளாகம்னு. இப்ப நீங்க சொல்றது உண்மைன்னா, பள்ளி நேரத்துல மூணு பெண் பிள்ளைங்களை நீங்க யாரையும் கேக்காம தெருவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க. அது ஒழுங்கு நடவடிக்கை. உங்களுக்கும், அந்தப் பிள்ளைங்களுக்கும்."

"ஆனா ஜெயிச்சாங்களே சார்."

"அதைத்தான் யோசிச்சோம்," என்றார் பூட்டு சார் ஆர்வமாக. "அரண் இருக்கறப்ப யாரும் வெளிய போக முடியாது. போகலைன்னு பதிவேடும் சொல்லுது. போகலைன்னா ஆடலை. ஆடலைன்னா ஜெயிக்கலை. கணக்கு சரியா வருது பாருங்க."

"எதிர்க்கடையில ஆடினாங்க சார். கடைக்காரம்மாவைக் கேளுங்க."

"அவங்க நம்ம வலையமைப்புல இல்லை," என்றார் பூட்டு சார்.

மேசைமேல் கடிதம் தயாராக இருந்தது. 'நேர்மையை உயிரினும் மேலாகக் கருதும் எங்கள் பள்ளி, தங்கள் போட்டியில் எங்கள் மாணவிகள் கலந்துகொள்ளவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறது. எங்கள் பெயரில் வேறு எவரோ ஆடியிருக்கிறார்கள். வெற்றியைத் திரும்பப் பெற வேண்டுகிறோம்.' அடியில் முதல்வர், டீச்சர், மூன்று மாணவிகள் என ஐந்து கையெழுத்துக்கு இடம்.

"நான் போட மாட்டேன் சார்," என்றார் டீச்சர். முதல்வர் தலையசைத்து, நிரந்தரமாக்கும் கோப்பை எடுத்து அதன் மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார்.

மதியம் நூலகத்துக்கு வெளியே கட்டெறும்பு காத்திருந்தாள்.

"டீச்சர், நீங்களும் போட்டுடுங்க."

"நீ போட்டுட்டியா?"

"அப்பாவை வரச் சொல்லி நிக்க வச்சுட்டாங்க. டி.சி. குடுத்துடுவோம்னாங்க. அவர் எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல. பேனாவை எடுத்துக் கையில குடுத்தார்." அவள் தரையைப் பார்த்தாள். "பெரியவளும் சின்னவளும் போட்டாச்சு. உங்க கையெழுத்து இல்லாம எங்க மூணும் செல்லாதாம். அது வரைக்கும் எங்களை வகுப்புல சேர்க்க மாட்டாங்களாம்."

டீச்சருக்குச் சொல்ல நிறைய இருந்தது. எதைச் சொன்னாலும் அந்தப் பெண் நாளைக்கும் நூலகத்துக்கு வெளியேதான் நிற்பாள். அவர் அலுவலகத்துக்குப் போய், நின்றபடியே, படிக்காமல் கையெழுத்துப் போட்டார். எழுத்தர் மை காயும்வரை ஊதினார்.

முகாமுக்குப் பக்கத்துப் பள்ளி போயிற்று. அடுத்த வாரம் கேடயம் வந்தது. அதே மண்டபத்தில், அதே பதாகையின் கீழ், மூன்று மாணவிகளுக்கும் 'இணைய நேர்மைச் சான்றிதழ்' வழங்கப்பட்டது. "தாங்கள் அடையாத வெற்றியை வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு பெரிய மனம் வேண்டும்!" என்றார் முதல்வர். பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கட்டெறும்பு இரண்டு கையாலும் சான்றிதழை வாங்கினாள். படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னார். சிரித்தாள். செய்தித்தாளில் அரைப் பக்கத்துக்கு வந்தது.

இரண்டு நாள் கழித்து டீச்சருக்கு நிரந்தர ஆணை கிடைத்தது. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போகும் வழியில், மாடிப்படித் திருப்பத்தில், கட்டெறும்பு எதிரே வந்தாள். ஒதுங்கி வழிவிட்டவள், டீச்சர் கடந்து போனதும் கூப்பிட்டாள்.

"டீச்சர்."

"என்னம்மா?"

"அன்னிக்கு நாம ஜெயிச்சோம்தானே?"

மேல்படியில் யாரோ இறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் நிமிர்ந்து மேலே பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

"மெதுவாப் பேசும்மா," என்றார்.

கட்டெறும்பு அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சரி என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.